1967 ஃபியாட் 850 கூப்பே: "அசல் 903" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

போ_ஆற்றங்கரை:
நேற்று நம் மன்றத்தின் 'வாங்கலாமா?' பகுதியில் சூரிச்வாசி ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தார். மிலான் பக்கத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் சிவப்பு ஃபியாட் 850 கூப்பே, இரண்டு கதவுள்ள கூரை மூடிய சின்ன கார். "1967 வண்டி, முழுக்கப் புதுப்பித்தது, அசல் 903 என்ஜின், 18,000 யூரோ தாராளமாகக் கொடுக்கலாம்" என்று அவரே சான்றும் கொடுத்துவிட்டார். கீழே வரிசையாக 'அருமை', 'அள்ளுது' என்று பாராட்டு. ஒருவருக்குக்கூட உறைக்கவில்லையா?

1967-இல் அசல் 903 கிடையவே கிடையாது. இந்தக் கூப்பே 1965 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்தபோது என்ஜின் கொள்ளளவு 843 சிசி, 47 குதிரைத்திறன். 903 சிசி வந்தது 1968-இல், ஸ்போர்ட் கூப்பே என்ற பெயரில், 52 குதிரைத்திறனோடு. அந்த வண்டிக்கு முன்பக்கம் நான்கு விளக்கு. விளம்பரத்தில் இருப்பதோ இரண்டே விளக்குள்ள முதல் தொகுதி உடம்பு. உடம்பு 1967 என்றால் என்ஜின் பிற்பாடு வந்தது. என்ஜின் அசல் என்றால் ஆண்டு பொய். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

ஏழாவது படத்தைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தை விரித்துக் காட்டுகிறார் விற்பவர். நகக்கண்ணில் கிரீஸ் அடைத்திருப்பதுகூடத் தெரிகிறது, அவ்வளவு துல்லியமான படம். ஆனால் கட்டைவிரல் மட்டும் சரியாகக் கொள்ளளவு எழுதிய வரியின்மேல் இருக்கிறது.

சூரிச்வாசி:
அண்ணை, நீங்கள் படத்தைப் பார்த்துக் கதைக்கிறீர்கள். நான் போன ஞாயிறு கோத்தார்ட் சுரங்கம் தாண்டிப் போய் வண்டியை நேரில் பார்த்தனான். லிஃப்டில் ஏற்றிக் காட்டினார்கள். வாசல்படித் தகடு இரண்டு பக்கமும் புதிது, வெல்டிங் கோடு நூல் பிடித்த மாதிரி. முன்பக்கம் ஸ்பேர் சக்கரம் நிற்கும் குழியில் விரலால் தட்டிப் பார்த்தேன், ஒரு இடமும் உதிரவில்லை. இருபது நிமிடம் ஓட்டினேன். மேட்டில் மூன்றாம் கியரில் முக்காமல் ஏறியது. இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் பெர்த்தோனே வடிவமைத்த அழகுக்கு இந்த விலை அதிகமில்லை.

போ_ஆற்றங்கரை:
பெர்த்தோனே வடிவமைத்தது 850 ஸ்பைடரை. திறந்த வண்டி அது, கூரை இருக்காது. கூப்பேயை வரைந்தது ஃபியாட்டின் சொந்த வடிவமைப்புப் பிரிவு, துரின் நகரிலேயே. வாங்கப் போகிற வண்டி யார் கையில் பிறந்தது என்றுகூடத் தெரியாமல் 'அசல்' என்று சான்று கொடுப்பது எப்படி?

பட்டறைக்காரன்:
கோவையில் முப்பத்தெட்டு வருசமாக ஃபியாட் 1100, பத்மினி இரண்டிலும் கை வைத்து வந்திருக்கிறேனுங்க. ஒன்று கேட்கிறேன். என்ஜின் மாறினால் வண்டி மாறிவிடுமா? உடம்பு ஃபியாட்காரன் செய்தது, என்ஜினும் ஃபியாட்காரன் செய்தது. அப்புறம் அசல் இல்லாமல் வேறென்ன? ரிங் தேய்ந்து என்ஜின் புகை கக்கினால் நல்ல என்ஜின் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். படித்த தம்பிகளுக்கு எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்கணும்.

போ_ஆற்றங்கரை:
ஐயா, என்ஜின் மாற்றுவது குற்றம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மாற்றியதை மாற்றியது என்று சொல்லட்டும் என்கிறேன். 903 நல்ல என்ஜின்தான். அதே குடும்பம் பிற்பாடு ஃபியாட் 127-இலும் ஆட்டோபியாங்கி ஏ112-இலும் ஓடியது. அதனால்தான் பழைய 843-ஐ இறக்கிவிட்டு 903 ஏற்றுவது இத்தாலியில் சர்வ சாதாரணம். அப்படிச் செய்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 65 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு. 843-க்கு 63.5, 903-க்கு 68. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. என்ஜின் ப்ளாக்கில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்து ஒரு படம் போட்டால் விஷயம் முடிந்தது. பதினெட்டுப் படம் போட்டவர் அந்த ஒன்றை மட்டும் ஏன் போடவில்லை?

இரண்டாம்கியர்:
அமெரிக்காவுக்குப் போன 850-இல் வேறு என்ஜின் என்று எங்கோ படித்த ஞாபகம். ஒருவேளை இது அங்கிருந்து திரும்பி வந்த வண்டியோ?

போ_ஆற்றங்கரை:
அது 817 சிசி. அங்கே 1968-இல் புகை விதி வந்தபோது 50 கன அங்குலத்துக்குக் குறைந்த என்ஜின்களுக்கு விலக்கு இருந்தது. அதற்காகவே சிலிண்டர் விட்டத்தை 64-ஆகக் குறைத்தார்கள். குறைத்தார்கள், கூட்டவில்லை. அமெரிக்கா வழியாகச் சுற்றி வந்தாலும் 1967 வண்டியில் 903 பிறக்காது.

கறுப்புத்தட்டு:
எல்லோரும் என்ஜினையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். அந்த வண்டியில் நம்பர் பலகை கறுப்பு. இத்தாலியில் 1985 வரை கறுப்புப் பலகைதான். பழைய பலகையைக் கழற்றாமல் இருந்தாலே அங்கே விலை ஏறும். எனக்கு அது போதும்.

போ_ஆற்றங்கரை:
பலகை பழையது என்றால் பதிவு பழையது. அவ்வளவுதான். பலகைக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?

கறுப்புத்தட்டு:
சம்பந்தம் இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? வாயில் இல்லாத வார்த்தையைப் பிடுங்காதீர்கள். பலகையைப் பற்றி இங்கே யாருமே மதித்துப் பேசுவதில்லை, அதைத்தான் சொன்னேன்.

இரண்டாம்கியர்:
எண் படம் கிடைக்காவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, என்ஜினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிந்துவிடுமே? 63.5-ஆ 68-ஆ என்று அளந்துவிடலாம்.

பட்டறைக்காரன்:
தம்பி, இந்த மாதிரி என்ஜினில் பிளக் ஓட்டை பிஸ்டனுக்கு நேர் மேலே நெட்டுக்குத்தாக இருக்காதுங்க. கம்பி சாய்ந்துதான் நிற்கும். நீங்கள் தேடுவதே நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம். சாய்ந்த கம்பியை வைத்துக்கொண்டு அதை எப்படி நம்புவீர்கள்? கம்பி உள்ளே மாட்டிக்கொண்டால் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்க வேண்டிவரும். பட்டறையில் நின்று பழகாதவர்கள் யோசனை சொல்லக் கூடாது.

போ_ஆற்றங்கரை:
எண்ணைப் படம் எடுத்தால் போதும் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். கம்பியும் வேண்டாம், ஹெட்டும் வேண்டாம்.

சூரிச்வாசி:
அண்ணை, பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஏழாவது படத்தில் விரலின் வலது ஓரத்தில் 3 என்ற எண் தெளிவாகத் தெரிகிறது. 903-தான். இனியாவது விடுங்கள்.

போ_ஆற்றங்கரை:
843 எந்த எண்ணில் முடிகிறது?

சூரிச்வாசி:
எல்லாவற்றிலும் குற்றம் கண்டால் ஒருவரும் ஒன்றும் வாங்க இயலாது. எனக்கு இருபது வயதில் இருந்து இந்த வண்டி மேல் ஆசை. வந்த புதிதில் சூரிச்சில் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு இத்தாலியக் கிழவர் ஒருவர் வெள்ளைக் கூப்பே வைத்திருந்தார். சனிக்கிழமை காலையில் வாசலில் நிறுத்தி, பின்மூடியைத் திறந்து வைத்துத் துடைப்பார். அந்தச் சின்ன என்ஜின் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. இப்போது கையில் காசு இருக்கிறது. நீங்கள் ஏன் மறிக்கிறீர்கள்?

போ_ஆற்றங்கரை:
மறிக்கவில்லை. உங்கள் காசு போகக் கூடாது என்றுதான் மூன்று நாளாகக் கத்துகிறேன்.

என் கதையைக் கேளுங்கள். என்னுடையது 1966 கூப்பே. விற்றவர் "எண்ணெய், வடிகட்டி எல்லாம் மாற்றியாச்சு, அப்படியே ஓட்டலாம்" என்று சத்தியம் செய்தார். இந்த என்ஜினில் தனியாகக் கழற்றி மாட்டும் வடிகட்டி கிடையாது. கிராங்க் தண்டின் முனையில் சுழலும் புல்லிக்குள்ளேயே எண்ணெய் சுழன்று, அழுக்கு ஓரத்தில் ஒதுங்கும். புல்லி மூடியைத் திறந்து சுரண்டி எடுக்க வேண்டும். நான் திறந்தபோது உள்ளே தார் மாதிரி கெட்டித்துக் கிடந்தது. திருப்புளி முனையால் குத்தினால் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பல வருடம் ஒருவரும் திறந்ததில்லை. இல்லாத வடிகட்டியை மாற்றினேன் என்று சொன்ன ஆளை நம்பிக் காசு கொடுத்தவன் நான். அன்றிலிருந்து விற்பவர் வாய்ச்சொல்லை நான் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் ஆளிடம் அந்தப் புல்லியைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று கேட்டீர்களா?

பட்டறைக்காரன்:
போன மாசம் பத்மினி கார்புரேட்டர் பற்றி நான் எழுதியபோதும் இதே தம்பிதான் வந்து "ஆதாரம் எங்கே" என்று கேட்டார். என் கைதானுங்க ஆதாரம். வண்டி நின்றால் புத்தகம் வந்து தள்ளாது. அவருடைய பழைய வண்டியில் தார் இருந்தது என்பதற்காக மிலான்காரர் எல்லோரும் திருடர் ஆகிவிடுவார்களா?

போ_ஆற்றங்கரை:
பத்மினிக்கு என்ஜின் முன்னால், இதற்குப் பின்னால். பத்மினியைப் பற்றி நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: 1967-இல் 903 எங்கிருந்து வந்தது?

கறுப்புத்தட்டு:
பலகையில் மிலானின் 'எம்ஐ' எழுத்து இருக்கிறது. வண்டி முதல் நாளிலிருந்து அதே ஊர்தான் என்று நினைக்கிறேன். இதையும் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம்கியர்:
ஏஎஸ்ஐ என்ற அவர்களுடைய பழைய வண்டிச் சங்கத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாமே?

சூரிச்வாசி:
கேட்டேன். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றார்.

போ_ஆற்றங்கரை:
என்ன என்ஜின் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார் என்றும் கேளுங்கள்.

சூரிச்வாசி:
வருகிற சனிக்கிழமை திரும்பப் போகிறேன். முற்பணம் கையோடு கொண்டுபோகிறேன். எண்ணைப் படம் எடுப்பேன், ஆனால் இங்கே போட மாட்டேன். அது என் வண்டி.

போ_ஆற்றங்கரை:
இன்னும் உங்கள் வண்டி ஆகவில்லை. முற்பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த விரலை எடுக்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
கார்புரேட்டர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரிங்க. அந்தக் கார்புரேட்டர் விவாத இழையை யாரோ பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.