செவ்வாக்கிழமைதான் லீவு: மதுரையில ஒரு பொண்ணு தனியா எங்கெல்லாம் போகலாம்?

கரிசக்காட்டுப் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 24 வயசு. ஊரு கோவில்பட்டிக்குக் கிழக்க ஒரு கிராமம். ரெண்டு வருஷமா மதுரையில ஒரு ஜவுளிக்கடையில பட்டுப்புடவைப் பிரிவுல நிக்கிறேன். காலைல ஒன்பதரைக்குப் போனா ராத்திரி எட்டரை ஆகும். 2021ல சட்டம் வந்த பிறகு எங்களுக்கும் உக்கார ஸ்டூல் போட்டிருக்காங்க. ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க எட்டுப் பேரு சுத்தி உக்காந்து முந்தியக் காட்டு, பார்டரக் காட்டுன்னு கேக்கும்போது எழுந்து நின்னாத்தான் விரிச்சுக் காட்ட முடியும். வேலையக் குத்தம் சொல்ல வரல. எனக்கு அந்த வேலை பிடிக்கும். அறுபது புடவை மடிச்சு வச்ச பிறகு கையில இருக்குற அந்தப் புதுத்துணி வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விஷயம் இதுதான். சனி ஞாயிறு கடையில கூட்டம், அதனால எனக்கு வார லீவு செவ்வாக்கிழமை. இதுவரைக்கும் ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில்ல இருந்த தோழிக்கும் அதே நாள்தான் லீவு. ரெண்டு பேரும் சேந்தே சுத்துவோம். எங்கயும் பெருசா போக மாட்டோம். விளக்குத்தூண்ல ஒரு ஜிகர்தண்டா, டவுன் ஹால் ரோட்டுல வளையல் பாக்குறது, இருட்டுறதுக்குள்ள திரும்பிருவோம். வைகாசியில அவளுக்குக் கல்யாணமாகி தேனிப் பக்கம் போயிட்டா. கொடியில அவ துணி காயப்போடுற பாதி அப்படியே காலியாக் கிடக்கு.

அதுக்கப்புறம் வந்த செவ்வாக்கிழமையெல்லாம் எனக்கு எப்படிப் போகுது தெரியுமா? காலையில துணி துவைக்கிறேன். சாப்பிட்டுப் படுக்குறேன். எழுந்தா மணி நாலு. தலை கனமா இருக்கும். அம்மாகிட்ட பேசுறேன், எட்டு மணிக்குச் சாப்பிடுறேன், மறுநாள் வேலை. ஏழு நாளைக்கு ஒண்ணு வர்ற நாளு, அதையும் தூங்கியே தொலைச்சுட்டமேன்னு ராத்திரி நெஞ்ச அடைக்குது.

போன வாரம் தைரியமா தனியாக் கிளம்பி ஒரு ஹோட்டலுக்குப் போனேன். பேரு வேணாம். "ஒரு ஆள்தானா?"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு, கை கழுவுற இடத்தை ஒட்டி ஒரு நாற்காலியக் காட்டுனாங்க. கை கழுவ வர்றவங்க ஒவ்வொருத்தரும் என் இலையப் பாத்துட்டுத்தான் போனாங்க. நெய்ரோஸ்ட் சாப்பிடணும்னு ஆசையாப் போனவ, ரெண்டு இட்லியோட எழுந்து வந்துட்டேன்.

இன்னும் மூணு செவ்வாக்கிழமைதான் இருக்கு. ஆடித் தள்ளுபடி தொடங்கிட்டா லீவு கிடைக்கிறது கஷ்டம். கையில ஒரு நாளைக்கு 200 ரூபாய்க்கு மேல செலவழிக்க முடியாது, வீட்டுக்கு அனுப்பணும். ராத்திரி ஒன்பதரைக்குள்ள ஹாஸ்டல் கேட்டுக்குள்ள இருக்கணும். தனியாப் போயிப் பழகின அக்காமார் யாராவது, எங்க போறது, எப்படி உக்காருறது, எப்படிச் சாப்பிடுறதுன்னு சொல்லுங்க.

---

கீழமாசிவீதி அக்கா:

தங்கச்சி, எனக்கு 43 வயசு. 22 வயசுல ஒரு நர்ஸிங் ஹோம்ல வேலைக்குச் சேந்து, ஆறு வருஷம் இதே ஊர்ல ஹாஸ்டல்ல இருந்தவ. எனக்கு லீவு புதன்கிழமை. உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன்.

முதல்ல சாப்பாடு. கடைக்குள்ள போனதும் வாசல்ல நின்னு, எங்க உக்காரச் சொல்லுவாங்கன்னு பாக்காத. நேராப் போயி சுவர் ஓரமா, ஃபேனுக்குக் கீழ உக்காந்துரு. உக்காந்த பிறகு யாரும் எழுப்ப மாட்டாங்க. மத்தியானம் ஒரு மணிக் கூட்டத்துல போகாத. பதினொண்ணுக்கு இல்லன்னா மூணரைக்குப் போ. அந்த நேரத்துல சர்வருக்கும் பேச நேரம் இருக்கும், ரோஸ்ட்டும் முறுவலா வரும். அந்த நெய்ரோஸ்ட்ட விடாத, போயிச் சாப்பிடு.

அடுத்தது பஸ்ஸு. எங்க காலத்துல பஸ்ஸுக்குக் காசு எண்ணிப் பாத்துத்தான் வெளிய கிளம்புவோம். இப்ப உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இலவசம். முன்னாடியும் பின்னாடியும் பிங்க் பெயிண்ட் அடிச்சிருக்கும், அதப் பாத்து ஏறு. எங்கயும் இறங்காம ஒரு கடைசி ஸ்டாப் வரைக்கும் ஜன்னலோரம் உக்காந்து போயிட்டு, அதே பஸ்ல திரும்பி வா. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். இப்பவும் செய்றேன், வீட்டுக்காரருக்கு மட்டும் புரியாது.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு நீ எத்தனையோ தடவ போயிருப்ப. ஆனா சாமி கும்பிட்டு, குங்குமம் வாங்கிட்டு, ஓடி வந்திருப்ப. ஒரு நாளு உக்காரவே போ. நட 12.30க்குச் சாத்திட்டு நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. நாலரைக்குப் போயி பொற்றாமரைக்குளப் படிக்கட்டுல உக்காரு. அங்க இருந்து பாத்தா தெக்குக் கோபுரம் முழுசாத் தெரியும். குளத்தச் சுத்தி மண்டபச் சுவர்ல திருக்குறளப் பளிங்குக்கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நான் ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு அதிகாரம் படிப்பேன். பத்துக் குறள், அவ்வளவுதான், அதுக்கு மேல படிக்க மாட்டேன். நேத்து வாசல்ல ஒரு ஆளு சொன்ன வார்த்தை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தாலும், நாலு குறள் தாண்டும்போது காணாமப் போயிரும். 2018ல அந்தத் தீ விபத்துக்கு அப்புறம் ஃபோன உள்ள விடுறதில்ல. அதுவும் நல்லதுதான். ஒண்ணரை மணி நேரம் யாரும் உன்னக் கூப்பிட முடியாது.

தனியா இருக்குறவளப் பாத்தா நாலு பேரு பாக்கத்தான் செய்வாங்க, மறைக்க மாட்டேன். ஆனா நாலாவது வாரத்துல உனக்கு அது தெரியாது.

---

செக்கானூரணி ரோடு:

கீழக்குயில்குடி சமணர் மலைய யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து டவுன் பஸ் உண்டு. அடிவாரத்துல அய்யனார் கோயில், அது முன்னாடி தாமரைக்குளம், பெரிய பெரிய ஆலமரம். காலையில ஏழு மணிக்குப் போனா தாமரை விரிஞ்சிருக்கும், நடக்க வர்ற குடும்பங்களும் இருக்கும். மேல பேச்சிப்பள்ளத்துல பாறையில வரிசையா எட்டுச் சிற்பம், கீழ வட்டெழுத்துங்குற பழைய தமிழ் எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு.

ஒண்ணு மட்டும் சகோதரி. குளம், மரத்தடி வரைக்கும் தனியாப் போங்க. மேல ஏறுறதா இருந்தா ஒரு குடும்பம் ஏறும்போது கூடவே ஏறுங்க. அதே மலையில செட்டிப்புடவுங்குற குகைப் பக்கம் ஆள் நடமாட்டம் கம்மி, அது துணையோட போற இடம். பத்து மணிக்கு மேல பாறை சுடும், இறங்கிருங்க.

---

உசிலம்பட்டி ரயில்:

உங்க தோழி தேனிப் பக்கம்னு எழுதியிருக்கீங்க. அதப் படிச்சதும் என்னால பேசாம இருக்க முடியல.

மதுரையில இருந்து போடிக்கு ரயில் ஓடுது. சின்னப்பிள்ளையில மீட்டர்கேஜ் ரயில்ல எங்க தாத்தா மடியில உக்காந்து போன பாதை. 2010 கடைசியில அகலப்பாதை வேலைக்காக நிறுத்துனாங்க, பத்து வருஷத்துக்கு மேல ரயிலே இல்லாம கிடந்துச்சு. 2022 மே மாசம் தேனி வரைக்கும் ரயில் வந்துச்சு, 2023 ஜூன்ல போடி வரைக்கும் போச்சு. முதல் நாளு உசிலம்பட்டி ஸ்டேஷன்ல நான் நின்னேன். வயசானவங்க இஞ்சின் முன்னாடி சூடம் காட்டுனாங்க.

காலையில மதுரையில கிளம்புற வண்டி சாயந்தரம் போடியில இருந்து திரும்புது. ராத்திரி எட்டு மணிவாக்குல மதுரைக்கு வந்துரலாம், உங்க ஒன்பதரைக்குச் சரியா இருக்கும். நேரத்த மட்டும் ஒரு தடவ ஸ்டேஷன்ல கேட்டுக்கங்க. முன்பதிவு வேணாம், கவுண்டர்ல டிக்கெட் எடுத்து ஏறிரலாம். லேடீஸ் கோச் வந்து நிக்கிற இடத்துல நில்லுங்க. உசிலம்பட்டியில மல்லிகைப்பூ, வெள்ளரிப்பிஞ்சு கூடையோட ஏறுவாங்க. தாண்டுனதும் ஆண்டிபட்டி கணவாய். மலைய வெட்டிப் போட்ட பாதை. வண்டி மெதுவாப் போகும். உள்ள நுழையும்போது வெயில் நின்னு, காத்து மாறும். ஆனி ஆடியில அந்தக் காத்து சட்டையப் பிடிச்சு இழுக்குற மாதிரி அடிக்கும்.

புதுசா கல்யாணம் ஆன பொண்ணுக்கு, ஊர்ல இருந்து ஒரு முகம் தேடி வந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க.

---

கரிசக்காட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. நேத்து செவ்வாக்கிழமை. போயிட்டு வந்துட்டேன், அத எழுதணும்னுதான் உக்காந்தேன்.

காலையில துணிய அஞ்சரைக்கே துவைச்சுட்டேன். முதல்ல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். நம்ம ஊருப் பக்கத்துல எல்லாரும் மதுரை மல்லி மதுரை மல்லின்னு சொல்லுவாங்க. 2013ல புவிசார் குறியீடு கூடக் கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம் இந்த ஊர்ல இருந்துக்கிட்டு, வாசல்ல முழம் போட்டு விக்கிறவங்ககிட்ட வாங்கினதோட சரி. மூட்டை அவுத்துக் கொட்டும்போது பக்கத்துல நின்னதே இல்ல. அம்மா சொன்ன வாசனை இதுதானான்னு நின்னுட்டேன். முகூர்த்த நாளு இல்லங்குறதால விலை தாழ்ந்திருந்துச்சு. நூறு கிராம் உதிரிப்பூ வாங்கினேன். வியாபாரி அக்கா ஒரு கை அள்ளிக் கூடப் போட்டாங்க, வாழைநாரும் கொடுத்தாங்க.

பதினோரு மணிக்கு நெய்ரோஸ்ட். வேற கடை. கீழமாசிவீதி அக்கா சொன்ன மாதிரியே நேராப் போயி சுவர் ஓரமா உக்காந்துட்டேன். உள்ள போகும்போது நெஞ்சு அடிச்சுக்கிச்சு. சர்வர் அண்ணன் "என்னம்மா சாப்புடுறீங்க"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். வேற ஒரு கேள்வியும் இல்ல. ரோஸ்ட் இலைய விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நடுப்பகுதி மெத்துனு, ஓரம் முறுமுறுன்னு. ஓரத்துல இருந்து சுத்திச் சுத்திச் சாப்பிட்டு, நெய் ஊறின நடுவ கடைசிக்கு வச்சேன். யாருக்கும் பங்கு கொடுக்காம ஒரு முழு ரோஸ்ட் சாப்பிட்டது வாழ்க்கையில இதுதான் முதல் தடவ. வீட்ல நாங்க நாலு பிள்ளைங்க.

வெயிலுக்கு நத்தம் ரோட்டு கலைஞர் நூலகத்துக்குப் போனேன். 2023ல திறந்ததுல இருந்து வாசல் வழியா பஸ்ல போயிருக்கேன், எனக்கெல்லாம் உள்ள விடுவாங்களான்னு நினைச்சு இறங்கினதில்ல. யாரும் ஒண்ணும் கேக்கல. ஏசி. மேசை. நெசவு பத்தி ஒரு புத்தகம் எடுத்துட்டு உக்காந்தேன். கோர்வைன்னா என்னன்னு தினமும் கஸ்டமருக்குச் சொல்லுறேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ரெண்டையும் தறியிலயே பூட்டி நெய்றது. அத நெய்றப்ப பக்கத்துல இன்னொரு ஆளு உக்காந்து கரைக்கு நூல் ஓட்டுற நாடாவத் தள்ளணும்னு அங்கதான் படிச்சேன். இவ்வளவு நாளு அத ஒருத்தர் வேலைன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையில முதல் கஸ்டமருக்கு அதச் சொன்னேன். அந்தம்மா புடவைய மடியில வச்சு, கரை சேர்ற இடத்த விரலால ரெண்டு தடவ தடவிப் பாத்தாங்க.

நாலரைக்குப் பொற்றாமரைக்குளம். அக்கா, பத்துக் குறள்தான் படிச்சேன், அதுக்கு மேல படிக்கல. தெக்குக் கோபுரத்து நிழல் தண்ணியில நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல ஒரு ஆச்சி, "யாருக்கும்மா காத்திருக்க?"ன்னு கேட்டாங்க. "யாருக்கும் இல்ல ஆச்சி, சும்மாத்தான்"னேன். "சரி சரி"ன்னு சொல்லிட்டு, அவங்க கொண்டு வந்த பொரிகடலையில ஒரு கை கொடுத்தாங்க.

திரும்புற வழியில தள்ளுவண்டியில ஒரு கிளாஸ் பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில இறங்கும்போது காலு வலி பாதி போயிருச்சு. எல்லாம் சேத்து 185 ரூபா.

ராத்திரி கட்டில்ல உக்காந்து பூக்கட்டினேன். நார நனைச்சு, ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம் காம்ப ஒட்டி வச்சு, விரல்ல சுத்தி இழுத்து முடிச்சு. ஆறாங்கிளாஸ்ல அம்மா சொல்லிக் கொடுத்தது, கை மறக்கல. வாங்கும்போது பச்சை கலந்த மொட்டா இருந்தது, கட்டி முடிக்கிறதுக்குள்ள மடியிலயே விரிஞ்சுருச்சு. அறை முழுக்க வாசனை. எனக்கு வச்சது போக மீதிய ஈரத்துணியில சுத்தி ஜன்னல்ல வச்சேன்.

உசிலம்பட்டி அண்ணே, நீங்க எழுதினத அவளுக்கு ஃபோன்ல வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "எந்தச் செவ்வா?"ன்னு கேட்டா. அவ மாமியார் பக்கத்துல இருந்து, "வரச் சொல்லு, மத்தியானம் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லு"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. அடுத்த வாரம் போறேன். கணவாய் நல்லாத் தெரிய எந்தப் பக்கத்து ஜன்னல்ல உக்காரணும்?

---

உசிலம்பட்டி ரயில்:

எந்தப் பக்கம்னாலும் சரி தங்கச்சி, கணவாய்க்குள்ள ரெண்டு பக்கமும் மலைதான். காலையில மதுரையில ஏறும்போது இடது பக்கம் உக்காந்தா மூஞ்சியில வெயில் அடிக்காது. பூவ உசிலம்பட்டியில வாங்கிக்கங்க. தேனி போய்ச் சேர்றதுக்குள்ள கட்டி முடிச்சுரலாம், நாரு மட்டும் கையில எடுத்துட்டுப் போங்க.