புதுப்பிப்பு: சைலன்சர் அனுமதி இன்னும் வரவில்லை

துப்பாக்கி சைலன்சரை என் பெயருக்கு மாற்ற அனுமதி கேட்கும் படிவம் 4-ஐ அனுப்ப விடாமல் அமெரிக்க அரசு இணையதளம் முடங்கிக் கிடப்பதாக எழுதியிருந்தேன் அல்லவா? கைரேகைக் கோப்பு ஏறிவிடும், சமர்ப்பி பொத்தானை அழுத்தியதும் வெள்ளைத் திரைதான் வரும். டீலர் சொன்னபடி விடிகாலையில் முயன்றேன், ஒருவழியாக உள்ளே போய்விட்டது. சரி, நிலவரம் பார்க்கலாம் என்றால் தளம் மறுபடி படுத்துவிட்டது.

முழுப் பணமும் கட்டியாயிற்று. ஆனால் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, ஒப்புதல் வரும்வரை பொருள் டீலரிடம்தான் இருக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான 200 டாலர் வரி பூஜ்யம் என்று 2025 ஜூலையிலேயே சட்டமாகிவிட்டது. கூட்டம் குவியும் என்று தெரியாதா? சர்வரைப் பலப்படுத்த அரை வருடம் இருந்ததே! செவித்திறனைக் காக்கும் கருவிக்கு இவ்வளவு இழுத்தடிப்பது அநியாயம். ஒப்புதல் வந்ததும் எழுதுகிறேன்.