டெவலப்மென்ட் பில்ட் தவறிப்போய் ஸ்டீமில் லைவ் ஆனால்?

கேள்வி:
யூனிட்டி கேம், ஐஎல்டூசிபிபி (சி# கோடை சி++ ஆக மாற்றும் யூனிட்டி முறை) பில்ட், ஏற்கெனவே ஸ்டீம் கேம் கடையில் விற்பனையில் உள்ளது. அடுத்த அப்டேட்டின் டெவலப்மென்ட் பில்ட் (டெஸ்டுக்கான பதிப்பு) தவறுதலாக டிஃபால்ட் பிராஞ்சுக்கு (வாங்கிய எல்லாருக்கும் இறங்கும் பதிப்பு) போய்விட்டால் பழைய பில்டுக்குத் திருப்பினாலே போதுமா? உள்ளே சீட் மெனு (டெஸ்டுக்காகக் கேமின் விதிகளைத் தாண்ட உதவும் மெனு), டெஸ்ட் சர்வர் முகவரி எல்லாம் இருக்கிறது.

பதில் 1:
போதாது. முதலில் பில்ட்ஸ் பக்கத்தில் முந்தைய பில்டை டிஃபால்ட்டில் லைவ் ஆக்குங்கள். ஆனால் அதற்குள் இறக்கியவர் கையில் இருப்பதை யாரும் பிடுங்க முடியாது. அந்த பில்டின் ஃபைல் பட்டியலுக்கான மேனிஃபெஸ்ட் எண்ணும் ஸ்டீம் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஸ்டீம்டிபி தளத்தில் பதிவாகியிருக்கும். அதனால் உள்ளே இருந்த எல்லா ரகசிய கீயும் (சர்வர்களுக்குள் நுழையும் குறியீடுகள்) வெளியே போய்விட்டதாக வைத்துக்கொண்டு அன்றே மாற்றிவிடுங்கள். டெஸ்ட் சர்வரை விபிஎன்னுக்குப் பின்னால் தள்ளுங்கள்.

ஐஎல்டூசிபிபி காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். கோடில் எழுதிய ஸ்ட்ரிங் (முகவரி, கீ போன்ற எழுத்துத் தொடர்) எல்லாம் குளோபல் மெட்டாடேட்டா ஃபைலில் அப்படியே கிடக்கும். அதைப் பிரித்துக் காட்ட இலவச டூலே உண்டு.

பதில் 2:
பலர் மறப்பது ஸ்டீம் கிளவுட், அதாவது சேவ் ஃபைலை ஆன்லைனில் வைக்கும் வசதி. புது பில்ட் சேவ் ஃபைலைப் புது வடிவத்தில் எழுதி, அது கிளவுடுக்கும் போயிருக்கும். நீங்கள் திருப்பியதும் பழைய பில்ட் அதைப் படிக்கத் தெரியாமல் காலி சேவ் ஃபைலை அதன் மேலே எழுதிவிட்டால், கேம் வாங்கியவரின் முன்னேற்றம் போச்சு. சேவில் வெர்ஷன் எண் வையுங்கள். தன்னைவிடப் புதிய எண்ணைக் கண்டால் கேம் திறக்க மறுக்கட்டும், தொடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
சீட் மெனுவை ஒரு ஃப்ளாக் வைத்து அணைத்துவிட்டால்?

பதில் 3:
அணைப்பது வேறு, நீக்குவது வேறு. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் அணைத்து வைத்த 'ஹாட் காஃபி' என்ற பாலியல் பகுதியை 2005இல் ஒரு மாட் (ரசிகர் செய்த மாற்றம்) திறந்துவிட்டது. கேமுக்கு வயது ரேட்டிங் தரும் ஈஎஸ்ஆர்பி அமைப்பு ரேட்டிங்கையே 'அடல்ட்ஸ் ஒன்லி' ஆக்கியது, கடைகள் கேமை எடுத்துவிட்டன. சீட் கோடை டெவலப்மென்ட் பில்ட் டிஃபைனுக்குள் (அந்த வகை பில்டில் மட்டும் கோடைச் சேர்க்கும் நிபந்தனை) அடைத்துவிடுங்கள். ரிலீஸில் கம்பைலே ஆகாது.

பெரிய கம்பெனிக்கும் இது நடக்கும். 2020இல் டூம் எடர்னல் வந்தபோது பெதஸ்டா லாஞ்சர் பதிப்பில் டெனுவோ (திருட்டு காப்பியைத் தடுக்கும் பாதுகாப்பு) இல்லாத எக்ஸியும் கூடவே போய்விட்டது. ஒரு ஃபோல்டரை நீக்காமல் விட்டதுதான் விஷயம்.

பதில் 1:
அதே ஃபோல்டர் சிக்கல் யூனிட்டியிலும் உண்டு. எக்ஸிக்குப் பக்கத்திலேயே 'பேக்கப் திஸ் ஃபோல்டர்', 'டூ நாட் ஷிப்' என்று பேரில் வரும் ஃபோல்டர்கள் உருவாகும். முதலாவதில் ஜெனரேட் ஆன சி++ கோடே இருக்கும். பேரிலேயே எழுதியிருக்கிறது, இருந்தும் போகிறது! டிப்போ ஸ்க்ரிப்டில் (ஸ்டீமுக்கு எந்த ஃபைல் போக வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) ஃபைல் எக்ஸ்க்ளூஷனில் இவற்றையும் பிடிபி (டீபக் தகவல்) ஃபைல்களையும் சேருங்கள். முதலில் பிரிவ்யூ 1 வைத்து ஓட்டினால் அப்லோட் ஆகாமல் ஃபைல் பட்டியல் மட்டும் வரும்.

அப்லோட் ஸ்க்ரிப்டில் பில்டை ஒரு பிராஞ்சில் தானாக லைவ் ஆக்கும் செட்லைவ் வரியால் டிஃபால்ட்டை மாற்ற முடியாது. அந்தத் தவறு வெப் பக்கத்தின் டிராப் டவுனில்தான் நடக்கும். ஆனால் பாஸ்வேர்டு இல்லாத பீட்டா பிராஞ்ச் பேர் அந்த செட்லைவ் வரியில் மிச்சமிருந்தால் அப்லோட் முடிந்ததுமே லைவ். கேம் வைத்திருக்கும் யாரும் பிராப்பர்ட்டீஸில் போய் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.