பனைமரம் இல்லாத ஊருக்கு யார் வருவார்கள்? பஃபலோ சேபர்ஸ் பற்றி ஒரு விவாதம்

நீலக்கோடு | 6 ஜூலை 2025

ஐஸ் ஹாக்கி அணியான பஃபலோ சேபர்ஸ் கடைசியாக ப்ளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டத் தொடர்கள்) ஆடியது 2011 ஏப்ரலில். இந்த 2024-25 சீசனையும் சேர்த்தால் தொடர்ந்து 14 சீசன்கள் வெளியே. வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் வரலாற்றில் வேறு எந்த அணியும் இத்தனை காலம் வெளியே நின்றதில்லை. போன டிசம்பரில் 13 ஆட்டங்கள் வரிசையாக வெற்றியே இல்லாமல் போன சமயத்தில் பொது மேலாளர் கெவின் ஆடம்ஸ் நிருபர்களிடம் பேசினார். எங்கள் ஊரில் பனைமரம் இல்லை, நியூயார்க் மாநில வரி இருக்கிறது, பல வீரர்களின் நோ-டிரேட் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது இளம் வீரர் பெட்டர்காவும் போய்விட்டார். 23 வயது, போன சீசனில் 27 கோல். ஜூன் கடைசியில் யூட்டாவுக்கு டிரேட் (அணிகளுக்குள் வீரர் பரிமாற்றம்) ஆகி, அங்கே 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டார். சால்ட் லேக் சிட்டியிலும் பனிதான் கொட்டுகிறது. அங்கே எந்தப் பனைமரத்தைப் பார்த்துப் போனார்?

என் கருத்து இது: இருக்கிறவர்களைப் போகவிடாத அணிக்குத்தான் வெளியிலிருந்து ஆள் வருவான். பஃபலோ அதைத்தான் செய்வதில்லை. உங்கள் எண்ணம் என்ன?

யாழ்தேவி416 | 6 ஜூலை

தம்பி, ஆடம்ஸ் சொன்னது கசப்பான உண்மை. நட்சத்திர வீரர் மார்னர் டொரன்டோவை விட்டு எங்கே போனார்? வேகஸ். ஆண்டுக்கு 120 லட்சம் டாலர், 8 ஆண்டு. நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. ஃப்ளோரிடாவிலும் கிடையாது, அங்கே 2024, 2025 இரண்டு கோப்பையும் வரிசையாகப் போயின. நியூயார்க்கில் இவ்வளவு சம்பளம் வாங்குகிறவனுக்கு மாநில வரி மட்டுமே 10 விழுக்காட்டை ஒட்டி வரும். அதே தொகைக்கு இரண்டு ஊரும் கூப்பிட்டால் குடும்பம் வைத்திருப்பவன் எங்கே போவான்?

ஆகவே பஃபலோ ஃப்ரீ ஏஜென்ட் சந்தையை மறந்துவிட வேண்டும். புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நல்ல பையன்களை எடு, ராச்செஸ்டரில் இருக்கும் துணை அணியில் பக்குவப்படுத்து, இளம் வயதிலேயே நீண்ட ஒப்பந்தம் போட்டுக் கட்டிவிடு. டாலின், ஓவன் பவர் இருவரையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்கு வேறு வழி இல்லை.

புதியவன்_பிராம்ப்டன் | 6 ஜூலை

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். நான் கனடா வந்த பிறகுதான் ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தேன். ஃப்ரீ ஏஜென்ட், நோ-டிரேட் இரண்டையும் யாராவது சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

யாழ்தேவி416 | 6 ஜூலை

பதினெட்டு வயதில் டிராஃப்டில் எடுத்த அணிக்குத்தான் அவன் மேல் உரிமை. 27 வயது ஆகும்போது, அல்லது 7 சீசன் ஆடி முடித்தபோது, ஒப்பந்தம் தீர்ந்தால் அவன் விரும்பிய அணிக்குப் போகலாம். அவன்தான் முழு ஃப்ரீ ஏஜென்ட். நோ-டிரேட் என்பது "இந்த அணிகளுக்கு என்னை மாற்றக் கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் பட்டியல். இதோடு ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. போன சீசன் 880 லட்சம் டாலர், வரும் சீசன் 955 லட்சம்.

நீலக்கோடு | 6 ஜூலை

அண்ணா, ஃப்ளோரிடாவை நீங்களே எடுத்தீர்கள். பஃபலோவுக்கு முன்பு நீண்ட ப்ளேஆஃப் வறட்சி யாருடையது? எட்மன்டன் 10 சீசன், ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 10 சீசன். அப்போதும் அங்கே பனைமரம் இருந்தது, மாநில வரி இல்லை, கடற்கரை இருந்தது. 1996க்குப் பிறகு 2022 வரை ஒரு ப்ளேஆஃப் தொடரைக்கூட அவர்கள் ஜெயிக்கவில்லை. 26 வருஷம் அந்த வெயில் எங்கே போயிற்று?

மாறியது நிர்வாகம். 2020இல் பொது மேலாளராக பில் ஸிட்டோ வந்தார். வேறு அணி கைவிட்ட ஃபோர்ஸ்லிங்கை வேய்வரில், அதாவது கைவிட்ட வீரர்களின் பட்டியலிலிருந்து, சும்மா எடுத்தார். ப்ரான்டன் மொன்டூரை டிராஃப்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து வாங்கினார். எங்கிருந்து? பஃபலோவிலிருந்து! சாம் ரைன்ஹார்ட்டும் பஃபலோவிலிருந்துதான். 2024 இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்தது அந்த ரைன்ஹார்ட்.

இன்னும் இருக்கிறது. ரயன் ஓரைலி 2018இல் பஃபலோவை விட்டு செயின்ட் லூயிஸ் போனார், 2019இல் கோப்பையும் ப்ளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். ஜாக் ஐக்கல் 2021இல் வேகஸ் போனார், 2023இல் கோப்பை. இவர்கள் ஆட்டம் தெரியாதவர்களா? ஒரு காலத்தில் இத்தனை பேரும் பஃபலோவின் சட்டையைப் போட்டவர்கள்.

மூன்றாம்பீரியட் | 7 ஜூலை

இரண்டு பேரும் பழைய கணக்கையே பேசுகிறீர்கள். எனக்கு வலிப்பது 2023 கோடை.

2022-23இல் பஃபலோ 91 புள்ளி எடுத்தது. ஒரே புள்ளியில் ப்ளேஆஃப் கைநழுவிப் போயிற்று. 92 எடுத்து கடைசி இடத்தில் உள்ளே நுழைந்த ஃப்ளோரிடா நேரே இறுதிப்போட்டி வரை போனது. டேஜ் தாம்சன் 47 கோல் அடித்த வருஷம் அது. கோல் அடிக்கும் பையன்கள் நிறைந்த இளம் அணி. ஒரு நல்ல கோலி (கோல்கீப்பர்), அடுத்த வரிசையில் அனுபவமுள்ள ஒரு சென்டர் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரர்), இவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்தக் கோடையில் வந்தவர்கள் கானர் கிளிஃப்டனும் எரிக் ஜான்சனும். அடுத்த சீசன் 84 புள்ளி, அதற்கடுத்து 79.

யாழ்தேவி அண்ணா சொல்கிற டிராஃப்ட் வழியைத்தான் பத்து வருஷமாகப் பஃபலோ செய்கிறது. கடைசியில் வரும் அணிக்கு முதல் தேர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதால் 2015இல் மெக்டேவிட்டுக்காகவே தோற்றார்கள், முதல் தேர்வுக்கான லாட்டரியில் எட்மன்டன் தட்டிக்கொண்டு போனது, இவர்களுக்கு ஐக்கல். 2018இல் முதல் தேர்வு டாலின். 2021இல் முதல் தேர்வு பவர். ஒரே அணி நான்கு டிராஃப்டுக்குள் இரண்டு முறை முதல் இடம். இன்னும் எத்தனை பையன்களைச் சேர்க்க வேண்டும்? பத்தொன்பது வயதுப் பையன்கள் மட்டுமே உள்ள உடைமாற்றும் அறையில் தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொடுப்பது யார்? விளைகிற வயலில் பாதியையாவது அறுக்க வேண்டும், எல்லாவற்றையும் விதைக்கே ஒதுக்கிக்கொண்டிருக்க முடியாது.

கையில் இருக்கும் இளைஞர்களில் இருவரைக் கொடுத்து, 27-28 வயதில் ப்ளேஆஃப் ஆடிப் பழகிய ஒருவரை வாங்குங்கள். இதோ பாருங்கள்: டாலின், பவர், பைரம் மூவரும் இடக்கை டிஃபென்ஸ். மூவருக்கும் சேர்த்து முதல் ஜோடியில் இடம் கிடையாது. பைரம் இன்னும் புது ஒப்பந்தம்கூடப் போடவில்லை. அவரைக் கொடுத்தால் நல்ல ஃபார்வேர்ட் ஒருவர் வருவார்.

யாழ்தேவி416 | 7 ஜூலை

செலவு செய்தே பார்த்தார்கள் தம்பி. டெரி பெகுலா 2011 பிப்ரவரியில் அணியை வாங்கினார். அந்தக் கோடையில் வில்லே லெய்னோவுக்கு 6 ஆண்டுக்கு 270 லட்சம், எர்ஹாஃபுக்கு 10 ஆண்டுக்கு 400 லட்சம். 2014இல் இரண்டு பேரையும் பணம் கொடுத்தே வெளியே அனுப்பினார்கள். 2019இல் ஜெஃப் ஸ்கின்னருக்கு 8 ஆண்டு, 720 லட்சம். அதையும் 2024இல் பாதியில் முடித்து அனுப்பினார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அதிகம் கொடுத்தால் கடைசியில் இப்படித்தான் முடிகிறது.

ஸிட்டோவைப் புகழ்கிறீர்கள், சரி. ஸிட்டோ வரும்போதே அங்கே பார்கோவ் இருந்தார், எக்பிளாட் இருந்தார், ஹூபர்டோ இருந்தார். மூவரும் டிராஃப்டில் வந்தவர்கள். ஹூபர்டோ கையில் இருந்ததால்தானே 2022இல் அவரைக் கொடுத்து மேத்யூ கச்சக்கை வாங்க முடிந்தது? அடித்தளம் டிராஃப்ட்தான்.

நயாகராக்காரி | 7 ஜூலை

நான் செயின்ட் கேத்தரின்ஸில் இருக்கிறேன். பாலத்தைத் தாண்டினால் பஃபலோ. ஊரைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

அந்த ஊர்க்காரர்கள் ஹாக்கியை விட்டுப் போகவே இல்லை. ஜனவரியில் ஏரிப்பனி கொட்டும்போது காரைத் தோண்டி எடுத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிறார்கள். வீட்டுவிலை டொரன்டோவில் பாதிகூட வராது. அரங்குக்கும் புறநகர் வீடுகளுக்கும் கொஞ்ச நேரப் பயணம்தான். பிள்ளை வளர்க்கிற வீரனுக்கு அது சின்ன விஷயமா?

குளிரும் சின்ன ஊரும்தான் தடை என்றால் வின்னிபெக்கை என்ன சொல்வீர்கள்? பஃபலோவை விடக் குளிர். நோ-டிரேட் பட்டியலில் வீரர்கள் முதலில் எழுதும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஆனால் 2023 அக்டோபரில் ஒரே நாளில் ஹெல்லபக்கும் ஷைஃபலியும் ஆளுக்கு 7 ஆண்டு கையெழுத்துப் போட்டார்கள், ஆண்டுக்கு 85 லட்சம். இந்த 2024-25இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தது வின்னிபெக். ஹெல்லபக் கோலியாக இருந்துகொண்டு லீக்கின் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது வாங்கினார். இப்போது ஜானதன் டேவ்ஸ், சிகாகோவில் மூன்று கோப்பை வென்றவர், சொந்த ஊரான வின்னிபெக்குக்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

பேட்ரிக் கேனும் பஃபலோவில் பிறந்தவர்தான். 2023இல் ஃப்ரீ ஏஜென்டாக இருந்தபோது டெட்ராய்டுக்குப் போனார். டெட்ராய்டில் என்ன பனைமரமா இருக்கிறது? சொந்த ஊர்க்காரரே வரத் தயங்குகிற நிலைக்கு அணியைக் கொண்டுவந்தது யார் என்று நிர்வாகம் யோசிக்க வேண்டாமா?

யாழ்தேவி416 | 7 ஜூலை

வின்னிபெக்கின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் தங்கச்சி. ட்ரூபா அங்கே நீண்ட ஒப்பந்தம் போடாமல் ரேஞ்சர்ஸ் போனார். நாலு நாள் முன்புதான் ஏலர்ஸ் கரோலினாவுக்குப் போனார், பத்து வருஷம் ஆடிய ஊரை விட்டு. லீக்கில் முதலிடம் வந்த பிறகும் போனார். ஊர் ஒரு காரணமே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நீலக்கோடு | 8 ஜூலை

ஊர் காரணமே இல்லை என்று நானும் சொல்லவில்லை. ட்ரூபா போன ரேஞ்சர்ஸும் அதே நியூயார்க் மாநிலம்தான், அங்கே மாநகர வரியும் சேரும். 2019இல் பனாரின் 7 ஆண்டு அங்கேதான் கையெழுத்துப் போட்டார். வரியைப் பார்த்து யாரும் ஓடவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. ஐக்கலின் கழுத்து வலியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு டிஸ்க் மாற்று அறுவை வேண்டும், அவருடைய மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். அணியின் மருத்துவர்கள் எலும்பை இணைக்கும் அறுவைதான் என்றார்கள். ஒப்பந்த விதிப்படி முடிவு அணியின் கையில். மாதக்கணக்கில் இழுத்தது. அணித் தலைவர் பதவியையும் பறித்தார்கள். வேகஸ் போனார், அவர் கேட்ட அறுவையே நடந்தது, இரண்டு வருஷத்தில் கோப்பையைத் தூக்கினார். இதை லீக்கில் உள்ள ஒவ்வொரு வீரனும், ஒவ்வொரு முகவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோ-டிரேட் பட்டியல் எழுதும்போது அது ஞாபகம் வராதா?

அதோடு பயிற்சியாளர்கள். 2013இல் லிண்டி ரஃபை அனுப்பிய பிறகு ரோல்ஸ்டன், நோலன், பைல்ஸ்மா, ஹவுஸ்லி, க்ரூகர், க்ரனேட்டோ, சுற்றி வந்து 2024இல் மறுபடி லிண்டி ரஃப். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டமுறை. டாலின் 18 வயதில் வந்தவர், இப்போது நான்காவது பயிற்சியாளரிடம் ஆடுகிறார், ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை.

மூன்றாம்பீரியட் | 8 ஜூலை

அதைத்தான் நானும் சொல்கிறேன், டாலினின் நல்ல வருஷங்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. அவரை வைத்திருக்க வேண்டுமென்றால் இந்த வருஷமே ஜெயிக்க வேண்டும். 2027, 2028 என்று பேசினால் அவரும் ஒருநாள் டிரேட் கேட்பார்.

சந்தை நிலவரத்தையும் பாருங்கள். உச்சவரம்பு ஒரே தடவையில் 75 லட்சம் ஏறியதால் எல்லா அணிகளும் சொந்த வீரர்களைத் தக்கவைக்கின்றன. ஜூலை 1இல் சந்தைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் டிரேட்தான் ஒரே கதவு. ஆட்டவா 7 வருஷம் வெளியே இருந்த அணி. மார்ச்சில் பஃபலோவிலிருந்தே டிலன் கஸன்ஸை வாங்கி அதே சீசனில் ப்ளேஆஃப் போனது. அந்த டிரேடில் பஃபலோவுக்கு வந்த ஜாஷ் நாரிஸ் காயத்தால் மூன்று ஆட்டம்தான் ஆடினார். அவர் உடம்பு தேறினால் முதல் வரிசை சென்டர். அவர் பக்கத்தில் ஆட ஒரு கோல் அடிப்பவரைக் கொண்டுவர வேண்டும். பைரமைக் கொடுங்கள்.

புதியவன்_பிராம்ப்டன் | 8 ஜூலை

பைரமையும் கொடுத்தால் "பஃபலோவில் யாரும் தங்குவதில்லை" என்ற பேச்சு இன்னும் கூடாதா? பெட்டர்கா போய் இரண்டு வாரம்தானே ஆகிறது.

மூன்றாம்பீரியட் | 8 ஜூலை

எதற்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐக்கல், ரைன்ஹார்ட் போனபோது கையில் கிடைத்ததில் பெரும்பகுதி டிராஃப்ட் தேர்வுகளும் பையன்களும். அது பின்வாங்கல். இன்றைக்கே ஆடக்கூடிய ஆள் வந்தால் மற்ற வீரர்கள் அதை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். பெட்டர்காவுக்குப் பதில் வந்த கெஸல்ரிங் வலக்கை டிஃபென்ஸ், டோன் உழைக்கிற விங்கர். அந்த டிரேடை நான் குறை சொல்ல மாட்டேன்.

நயாகராக்காரி | 8 ஜூலை

பைரமை விடுங்கள், முதலில் அலெக்ஸ் டக்கைப் பற்றிப் பேசுங்கள். ஐக்கல் டிரேடில் வந்தவர். சிராக்யூஸ்காரர், சின்ன வயதிலிருந்து சேபர்ஸ் ரசிகர், இந்தச் சட்டையைப் போடுவது கனவு என்று வந்த நாளிலேயே சொன்னவர். போன சீசனில் 36 கோல். ஆண்டுக்கு 47.5 லட்சம்தான் வாங்குகிறார். ஒப்பந்தம் 2026 கோடையில் தீர்கிறது. இந்த ஜூலை 1 முதல் புது ஒப்பந்தம் பேச விதி இடம் கொடுக்கிறது.

பஃபலோவில் இருக்க ஆசைப்படுகிற ஒருவர் கைக்குள்ளேயே இருக்கிறார். அவருக்கு மதிப்பான தொகையைக் கொடுத்து இந்த மாதமே முடிக்க வேண்டும். பிப்ரவரி வரை இழுத்தால் டிரேட் கெடு நெருங்கும், மறுபடி தேர்வுகளுக்கு விற்றுவிடுவார்கள்.

யாழ்தேவி416 | 8 ஜூலை

டக்குக்கு அடுத்த மே மாதம் 30 வயது. எட்டு ஆண்டு கேட்பார். ஸ்கின்னருக்கு நடந்ததை மறுபடி செய்யச் சொல்கிறீர்களா? நான்கு ஆண்டு, தொகை கூடுதலாக. அதற்கு மேல் வேண்டாம்.

நீலக்கோடு | 8 ஜூலை

நான்கு ஆண்டுக்கு அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் அண்ணா, சந்தைக்குப் போனால் ஆறேழு ஆண்டு கிடைக்கும். உச்சவரம்பு 2026-27இல் 1,040 லட்சமாகவும் அதற்கடுத்த வருஷம் 1,135 லட்சமாகவும் ஏறப்போகிறது. கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் கால் தளர்ந்தாலும் அணி தாங்கும். தாங்கவே முடியாதது டக்கும் போய்விட்டார் என்ற செய்தி. ஆறு ஆண்டு கொடுக்கச் சொல்கிறேன்.

யாழ்தேவி416 | 8 ஜூலை

ஆறு அதிகம். ஐந்து என்றால் பேசலாம்.