200 மி.மீ. தொலைநோக்கியில் சனியின் என்கே இடைவெளி பதிவாகுமா?

பொன்வளையம்:
2017-இல் சனியின் வளையங்கள் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து அகல விரிந்திருந்தபோது, என் 200 மி.மீ. தொலைநோக்கியில் எடுத்த வீடியோவை அண்மையில் மீண்டும் செயலாக்கினேன். 20,000 ஃபிரேம்களில் தெளிவான 5,000-ஐ மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கி, ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட் என்ற கூர்மையாக்கும் வசதியால் கூர்மைப்படுத்தியதும், ஒளிமிக்க வளையங்களில் வெளியே இருக்கும் ஏ வளையத்தின் வெளி விளிம்புக்குச் சற்று உள்ளே மெல்லிய கருங்கோடு ஒன்று தெரிந்தது. அது ஏ வளையத்தில் உள்ள குறுகிய வெற்றிடமான என்கே இடைவெளிதான் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

கணக்கன்:
என்கே இடைவெளியின் அகலம் சுமார் 325 கி.மீ. சனி அப்போது சுமார் 135 கோடி கி.மீ. தொலைவில் இருந்ததால், அந்த அகலம் நமக்கு 0.05 விகலைதான் (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு). 200 மி.மீ. கருவி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையோ 0.58 விகலை. 1888-இல் ஜேம்ஸ் கீலர் இந்த இடைவெளியைத் தெளிவாகக் கண்டது லிக் வானாய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கியில் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொன்வளையம்:
நீங்கள் சொல்லும் எல்லை அருகருகே உள்ள இரண்டு விண்மீன்களைப் பிரித்தறிவதற்கு உரியது. வெளிச்சமான பரப்பின் மீது ஓடும் கருங்கோட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. ஏ, பி வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளி சுமார் 0.7 விகலைதான், ஆனாலும் 2 விகலை அளவே பிரித்தறியக்கூடிய 60 மி.மீ. கருவியிலும் அது தெரிகிறது. தனி ஃபிரேமை எடுத்துப் பார்த்தால், ஓடும் நீருக்கடியில் கிடக்கும் நாணயம் போல வளையம் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. அடுக்கிய பிறகுதான் நுணுக்கம் மேலெழுகிறது. பொறுமைக்குக் கிடைத்த பலனை மென்பொருளின் மாயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கணக்கன்:
கோட்டைப் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசினி இடைவெளி 60 மி.மீ. கருவியின் எல்லையில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கோடு 200 மி.மீ. கருவியின் எல்லையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த அளவில் கருமை பெரிதும் கரைந்துபோகும். அடுக்குவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சலைக் குறைக்கிறது, அவ்வளவே. என் ஐயம் கூர்மைப்படுத்துவதில்தான். செவ்வாயின் ஒளிமிக்க விளிம்பை அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால், உள்ளே ஒரு கரும்பட்டை முளைப்பதை இங்கு எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏ வளையத்தின் வெளி விளிம்பும் அப்படிப்பட்ட ஒளிமிக்க விளிம்பு அல்லவா?

சாய்கோணம்:
இருவரும் அளந்து பார்த்துவிடலாமே. என்கே இடைவெளி வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து சுமார் 3,200 கி.மீ. உள்ளே இருக்கிறது. வளையத்தின் இடது, வலது முனைகளில் அது அரை விகலை. கோளுக்கு முன்னால் வரும் பகுதியிலோ சாய்வினால் குறுகி, அதில் பாதிக்கும் குறைவாகிவிடும். வேவ்லெட் உண்டாக்கிய கோட்டுக்கு இந்த வடிவியல் தெரியாது. அது விளிம்பிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் ஓடும்.

பொன்வளையம்:
அளந்தேன். ஒரு பிக்சல் 0.15 விகலை. இடது முனையில் 3 பிக்சல், வலது முனையில் 3 பிக்சல், முன்பகுதியிலும் அதே 3 பிக்சல். வேவ்லெட்டைப் பாதியாகக் குறைத்ததும் கோடு மறைந்துவிட்டது. ஆகவே என்கே என்ற பெயரை எடுத்துவிடுகிறேன். இருப்பினும், கோடு போன பிறகும் ஏ வளையத்தின் நடுப்பகுதியில் அகலமான மங்கல் ஒன்று இரு முனைகளிலும் எஞ்சி நிற்கிறது. இதையும் மென்பொருள்தான் வரைந்ததா?

கணக்கன்:
இல்லை. அந்த மங்கல் வளையத்திலேயே உள்ளது. உங்கள் கருவிக்கு எட்டக்கூடியதும்கூட. அதே இரவில் எடுத்த இன்னொரு வீடியோவையும் தனியாக அடுக்கி, கூர்மைப்படுத்தாமலே இரண்டையும் அருகருகே வெளியிடுங்கள்.

பொன்வளையம்:
வெளியிடுகிறேன். ஆனால் சிறிதளவாவது கூர்மைப்படுத்துவேன்; அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.