நங்கூரம் தூக்கும் பொறிக்கு என்ன பெயர்? – ஒரு கலைச்சொல் மடலாடல்

மடல் 1: கொல்லங்கோட்டிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில், ஃபைபர் வள்ளத்தின் அணியத்தில் (முன்பகுதியில்) பொருத்தி நங்கூரம் தூக்கும் சிறு பொறியொன்றைக் குறைந்த செலவில் தாங்களே செய்துகொள்ள விரும்புவோருக்காக ஒரு பயிற்சிக் கையேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வரைபடங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. பெயர்தான் ஆயத்தமாக இல்லை.

அமைப்பு எளியது. ஒரு ஜி.ஐ. குழாய்த் துண்டு உருளையாகிறது. அதன் அச்சில் பழைய மிதிவண்டியின் 44 பல் சக்கரமும், கைப்பிடியின் அச்சில் 18 பல் சக்கரமும் அமர, இரண்டையும் மிதிவண்டிச் சங்கிலியே இணைக்கிறது. கைப்பிடியின் நீளம் 30 செ.மீ., உருளையின் ஆரம் 5 செ.மீ. என்றால் அதில் ஆறு மடங்கும், பற்சக்கரங்களில் ஏறத்தாழ இரண்டரை மடங்கும் கிடைக்கின்றன. உராய்வுக்குத் தாராளமாகக் கழித்தாலும் பத்து மடங்காவது மிஞ்சும். கையால் பத்து கிலோ விசை கொடுப்பவர் நூறு கிலோ இழுப்பைப் பெறுகிறார். வளைகம்பி நங்கூரமும் சில மீட்டர் இரும்புச் சங்கிலியும் சேற்றில் புதைந்து கிடந்தாலும் இது போதும்.

வெல்டிங் கடையிலும் துறையிலும் இதை 'விஞ்ச்' என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த தோழி, தமிழில் சகர மெய் சொல்லின் ஈற்றில் நிற்காது என்று நன்னூலை நினைவூட்டி வட்டமிட்டு அனுப்பிவிட்டார். பொறிக்கு ஒரு பெயரும், உருளை பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு இரும்புத் துண்டுக்கு ஒரு பெயரும் வேண்டும்.

மடல் 2: நாகர்கோவிலிலிருந்து

அன்புள்ள தம்பி,

உங்கள் தோழி வட்டமிட்டது சரி. ஆனால் ஓர் உகரத்தை ஒட்டி 'விஞ்சு' என்றாக்கிவிட்டால் தீர்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அது குற்றியலுகரத்தின் தோளில் ஆங்கிலத்தை ஏற்றி உள்ளே அழைத்து வருவதாகும். பழனி மலையில் ஓடுவதை ஊரார் 'விஞ்சு' என்று சொன்னபோதும் அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் 'மின் இழுவை ரயில்' என்ற பெயர் நின்றுவிடவில்லையா? இழுவை என்னும் நல்ல சொல் கையில் இருக்கும்போது நாம் கடன் வாங்குவானேன்?

கருவிப்பொருளில் வரும் இகர விகுதியை மண்வெட்டியில் எல்லோரும் அறிவோம். அதே வழியில் இழு என்னும் பகுதி உடம்படுமெய் பெற்று 'இழுவி' ஆகும். 'நங்கூர இழுவி' என்று எழுதுங்கள். முதல் நாள் புதிதாகத் தோன்றும். மிதிவண்டியும் பேருந்தும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றின.

மடல் 3: மார்த்தாண்டன்துறையிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் இலக்கணத்தில் எனக்கு மறுப்பு இல்லை, சொல்லில் உண்டு. எங்கள் கரையில் 'இழுவை' என்ற சொல்லைக் கேட்டால் அடித்தரையை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி வலைதான் முதலில் நினைவுக்கு வரும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், சிறு வள்ளத்தின் வலையை விசைப்படகு அறுத்துப் போகும் சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தப் பெயரையே எங்கள் வள்ளத்தின் அணியத்தில் பொருத்தச் சொல்கிறீர்கள்.

எங்களுக்கு 'வலி' போதும். துடுப்பை வலிக்கிறோம், தண்டு வலிக்கிறோம், கயிற்றையும் வலிக்கிறோம். மலையாளத்திலும் அதே சொல் வழங்குவதால் இது அங்கிருந்து வந்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படிப் பார்த்தால் அணியமும் அமரமும் (வள்ளத்தின் பின்பகுதியும்) இரு மொழிக்கும் பொதுவானவை. அவற்றை எந்தக் கரைக்குத் திருப்பி அனுப்புவது? செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தின் சொற்களையும் தொல்காப்பியர் திசைச்சொல்லாக ஏற்றார்; உரையாசிரியர்கள் அந்தப் பன்னிரண்டில் எங்கள் பகுதியான வேணாட்டையும் வைத்தார்கள். 1956-இல் மாநில எல்லை நகர்ந்ததால் சொல்லின் உரிமை நகர்ந்துவிடாது. 'வலியுருளை' என்பது என் முன்மொழிவு. ஊறுகாய் எப்படி வினைத்தொகையோ அப்படியே இதுவும் வினைத்தொகை.

மடல் 4: பாறசாலையிலிருந்து

வலியுருளை என்று அட்டையில் அச்சிட்டால் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் உள்ளே இருக்கிறது என்று என் மாணவர்கள் திறந்து பார்ப்பார்கள். வினைத்தொகையை நான் மறுக்கவில்லை. படிப்பவர் அதைப் பெயராகக் கொள்வதைத் தடுக்கவும் நம்மால் முடியாது. ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: உருளை நீளமாக இருக்கிறது என்று யாராவது 'உருளி' என்று சுருக்க வர வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், உருளி என்றால் பாயசம் காய்ச்சும் வெண்கலப் பாத்திரம்.

மடல் 5: செங்கோட்டையிலிருந்து

அன்பர்களே,

நங்கூரத்தை எல்லோரும் வாசலிலேயே விட்டுவிட்டுப் பொறியைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். நங்கூரம் பாரசீகத்து 'லங்கர்' என்பதன் திரிபு. முன்பாதி பாரசீகம் என்றால் பின்பாதி ஆங்கிலமாக இருப்பதில் மட்டும் என்ன தீட்டு என்று நாளை ஒருவர் கேட்பார். எனவே வேரிலிருந்தே தொடங்குவோம்.

மதுரைக்காஞ்சியில் கடுங்காற்றில் அலைப்புண்ட நாவாயைப் பேசும் இடத்தில் 'கல்' என்று மட்டுமே வருகிறது. நச்சினார்க்கினியர் அதற்கு நங்கூரக் கல் என்று பொருள் கொள்கிறார். அதாவது நங்கூரத்துக்கு நம்மிடம் இருந்த சொல் கல். இன்றும் வலைக்கும் கட்டுமரத்துக்கும் கல்லைக் கட்டி இறக்குவது வழக்கொழியவில்லை. கல்லை எடுப்பது 'கல்லெடுப்பி'. இரண்டு பக்கமும் தூய தமிழ்.

விஞ்சு பற்றியும் ஒன்று. மிஞ்சு, விஞ்சு இரண்டும் தமிழ் வினைகள். மேற்படுதல், கடத்தல் என்பன அவற்றின் பொருள்கள். ஒருவன் கையாற்றலை விஞ்சுகிற பொறி விஞ்சு. ஆங்கிலச் சொல் வேறு வேரினது என்பதை நான் அறிவேன். ஆனால் ஒலியும் பொருளும் இப்படி வந்து பொருந்தும்போது, கடன் என்பதையே மறந்துவிட்டுத் தமிழாக எழுதிக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. ஆக, என்னிடமிருந்து இரண்டு முன்மொழிவுகள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதும் எனக்குத் தெரியும்.

மடல் 6: திருவனந்தபுரத்திலிருந்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். இலக்கணத்தில் தலையிட மாட்டேன். ஆனால் நீங்கள் பெயரிடுவது ஒரு பொறிக்கா, இரண்டு பொறிகளுக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கயிற்றின் நுனியை உருளையிலேயே பிணைத்து, முழுக் கயிற்றையும் அதன்மேல் சுருட்டிச் சேமிப்பது ஒரு வகை. கயிற்றை உருளையில் மூன்று சுற்று மட்டும் சுற்றி, மறுமுனையை ஒருவர் கையால் இழுத்துக் கீழே வளையமாகப் போட்டுக்கொண்டே வருவது இன்னொரு வகை. முதல் வகையில் கயிற்றை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகையில் அந்த மறுமுனையை விட்ட கணத்தில் நங்கூரம் கயிற்றை உருவிக்கொண்டு கீழே போகும். காலடியில் கிடக்கும் வளையத்துக்குள் யாருடைய கால் இருந்தாலும் அதையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டையும் 'விஞ்சு' என்றோ 'இழுவி' என்றோ ஒரே பெயரால் அழைத்துவிட்டு, 'விஞ்சைச் சுழற்றுக' என்று கட்டளையிட்டால் கையேடு பாதி எச்சரிக்கையை விழுங்கிவிடுகிறது.

நம் தம்பியின் வரைபடத்தில் உள்ளது முதல் வகை. அது சிறு வள்ளத்துக்கு ஏற்றதா என்பதே எனக்கு ஐயம். 25 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் பிடித்து நிற்க ஆழத்தைப் போல் நான்கு மடங்காவது கயிறு விட வேண்டும்; அது 100 மீட்டர். 12 மி.மீ. கயிறு நூறு மீட்டரை 30 செ.மீ. அகல உருளையில் சுருட்டிப் பாருங்கள்: 5 செ.மீ. ஆரம் 13 செ.மீ. வரை ஏறிவிடும். அதனால் நம்முடைய பத்து மடங்கு நான்காகக் குறைகிறது. குறைகிற நேரத்தையும் கவனியுங்கள். கயிறு செங்குத்தாக நிற்கும்போதுதான் நங்கூரம் சேற்றிலிருந்து பெயரும். அதற்குள் முக்கால்வாசிக் கயிறு உருளையில் ஏறியிருக்கும். மிகுந்த விசை தேவைப்படும் இடத்தில்தான் பொறி மிகவும் மெலிந்து நிற்கிறது.

மூன்று சுற்று முறையில் ஆரம் மாறுவதில்லை. ஈரக் கயிற்றின் உராய்வெண்ணை 0.2 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், மூன்று சுற்றில் பிடிப்பு நாற்பது மடங்கைத் தாண்டுகிறது. நூறு கிலோ தொங்கும் கயிற்றின் மறுமுனையில் இரண்டரைக் கிலோ விசை போதும். ஒரு சிறுவனாலும் பிடிக்க முடியும், பிடித்துக்கொண்டே இருந்தால்.

பின்சுழற்சித் தடுப்புக்கு மிதிவண்டி ஃப்ரீவீலையே பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வது வழக்கம். அதன் பல்சக்கரத்தைச் சட்டத்தோடு பற்றவைத்துவிட்டால் உருளை ஒரே திசையில்தான் சுழலும் என்பது உண்மை. ஆனால் தேவைப்படும்போது அதை விடுவிக்க வழியில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய வில்கம்பிகள் உப்பு நீரில் விரைவில் துருப்பிடித்துப் போகும். வெளியே தெரிகிற பல்லும், விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு நாக்கும்தான் நம்பத்தக்கவை. அந்தத் துண்டுக்குப் பெயர் வேண்டுமென்றால், நான் இப்போது எழுதிய சொல்லையே வைத்துக்கொள்ளலாமே.

மடல் 7: நாகர்கோவிலிலிருந்து

பொறியாளர் தம்பி சொன்ன வேறுபாடு எனக்குத் தெரியாதது, நன்றி. அதை நம் இலக்கணமே தாங்கும். கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொள்வது 'சுருட்டி', கயிறு சுற்றிச் செல்வது 'சுற்றி'. இகர விகுதி கருவிப்பொருளில் மண்வெட்டியிலும் செயப்படுபொருளில் ஊருணியிலும் வருவது போல...

மடல் 8: பாறசாலையிலிருந்து

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க, ஐயா. சுருட்டி ஒரு ராகம். 'சுற்றி' வினையெச்சமும்கூட. 'சுற்றியைச் சுற்றிக் கயிற்றைச் சுற்றுக' என்று ஒரு கட்டளை எழுதிப் பாருங்கள். எழுதியவருக்கே தலை சுற்றும். உருளையைச் சேர்த்து 'சுருட்டுருளை', 'சுற்றுருளை' என்றால் இரண்டும் வினைத்தொகையாகவே நிற்கும், வினையெச்ச மயக்கமும் வராது. உருளை நீளம்தான், தொலையட்டும்.

மடல் 9: மார்த்தாண்டன்துறையிலிருந்து

சுற்றுருளை எங்கள் வாயிலும் நுழையும். ஆனால் அது உருளைக்கு மட்டும் பெயர். கைப்பிடி, சட்டம், பற்சக்கரம் எல்லாம் சேர்ந்த பொறியை வெல்டிங் கடையில் என்ன சொல்லிக் கேட்பது? 'விஞ்சு' என்றுதான். கையேட்டில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர் என்று வைத்தால் கையேட்டை எடுத்துக்கொண்டு யாரும் கடைக்குப் போக மாட்டார்கள்.

தொழில் பற்றியும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேல் நங்கூரம் போடுகிறவர்கள். கடலுக்கடியில் பாறையிடுக்கில் கம்பி மாட்டிக்கொண்டால் எந்தப் பொறியாலும் இழுக்கக் கூடாது. ஓங்கல் அலை வள்ளத்தைத் தூக்கும் நேரத்தில் கயிறு விறைத்து நின்றால் அணியத்தில் பொறி பொருத்திய பலகையே பெயர்ந்து வந்துவிடும். கயிற்றை வள்ளத்தில் அதற்கென உள்ள கட்டையில் கட்டி, வள்ளத்தை எதிர்ப்பக்கம் ஓட்டிக் கம்பியை நிமிர்த்தியே எடுப்போம். அதற்காகத்தான் எளிதில் வளையும் கம்பியில் நங்கூரம் செய்கிறோம். நங்கூரமிட்டு நிற்கும்போதும் பாரம் கட்டையில்தான் இருக்க வேண்டும், உருளையில் அல்ல. பொறிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் இந்த வரி தடித்த எழுத்தில் வரட்டும்.

மடல் 10: செங்கோட்டையிலிருந்து

கல்லெடுப்பியை யாரும் தொடக்கூட இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கட்டடத் தொழிலாளர் கருவியோடு குழம்பும் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பொருட்படுத்தத்தக்க மறுப்பு அது ஒன்றே. 'கட்டை' என்று நண்பர் எழுதியதற்கும் தறி என்ற பழஞ்சொல் உண்டு. 'கட்டுத்தறி' என்று யானைக்கு வழங்கியதை வள்ளத்துக்கு வழங்கினால் என்ன?

மடல் 11: கொல்லங்கோட்டிலிருந்து

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அச்சகத்துக்குப் போகிறது; அதனால் இவ்வாறு எழுதியிருக்கிறேன். பொறி முழுவதற்கும் 'விஞ்சு'. வரைபடத்தை மாற்றி, குழாயின் ஒரு முனையில் மூன்று சுற்றுக்கான குறுகிய பகுதியை விளிம்பு வைத்துப் பிரித்துவிட்டேன். அதற்குச் 'சுற்றுருளை', சுருட்டிச் சேமிக்கும் வகைக்குச் 'சுருட்டுருளை'. பின்சுழற்சியைத் தடுப்பது 'நாக்கு'. அது விழும் சக்கரம் 'நாக்குச் சக்கரம்'. கட்டை, கட்டையாகவே இருக்கிறது. வலியுருளையை அட்டையில் இடாவிட்டாலும், கட்டளைகளில் 'கயிற்றை வலிக்கவும்' என்றே எழுதியிருக்கிறேன். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இதை ஏற்றார்கள். சிலர் களைப்பினால் ஏற்றார்கள் என்பதும் மடல்களின் நீளம் குறைந்ததிலிருந்து தெரிகிறது.

மடல் 12: நாகர்கோவிலிலிருந்து

தம்பி,

சுற்றுருளைக்கு என் வாழ்த்து. 'விஞ்சு' என்பதற்கு என் மறுப்பு நீடிக்கிறது. கடையில் வழங்குகிறது என்பது ஒரு காரணம் என்றால் கடையில் வழங்காத சுற்றுருளையை எப்படி ஏற்றீர்கள் என்ற கேள்விக்கு இதுவரை எவரும் விடை தரவில்லை. 'நாக்கு' பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு. சுவைப்பதும் பேசுவதும் நாக்கின் தொழில்; தடுப்பது அதன் தொழிலன்று. அச்சகம் இன்னும் பூட்டைத் திறக்கவில்லை என்றால் 'தடைநா' என்று மாற்ற முடியுமா? முடியாதென்றால் இரண்டாம் பதிப்புக்கு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.