பழைய மாருதி ஆம்னி வேனில் ஸ்பீடோமீட்டர் முள் துள்ளுகிறதா? கைக்கு வந்த கோளாறுகளும் சரிசெய்த விதமும்

கேபிள்தான் முதலில்

முள் ஆடினால் உடனே மீட்டரையே மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வழியாக மீட்டருக்கு வரும் சுழற்சி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்த பிறகு பாகம் வாங்குங்கள். முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்தே நின்றுவிட்டால் கோளாறு கேபிளில், அல்லது அதைச் சுழற்றும், கியர்பாக்ஸில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரத்தில். எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்திருக்கிறது என்றால் கோளாறு மீட்டருக்குள். முள் சரியாகக் காட்டி எண் மட்டும் நின்றால், மீட்டருக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் தண்டில் வழுக்குகிறது அல்லது அதன் பல் தேய்ந்துவிட்டது.

மெதுவாகப் போகும்போது முள் துள்ளி, டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' கேட்டால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும். உள்கம்பி உறையில் பிடித்துக்கொண்டு முறுக்கேறும், பிறகு சட்டென்று விடும். அந்த விடுபடல்தான் முள்ளின் துள்ளல். மீட்டர் போர்டைக் கழற்றி, பின்னால் உள்ள கேபிளை விடுவித்து, உள்கம்பியை மெல்ல இழுங்கள். பாதியில் அறுந்திருந்தால் மிச்சத் துண்டு கியர்பாக்ஸ் பக்கமாக வரும். வந்த கம்பியைத் தரையில் வைத்து உருட்டிப் பாருங்கள். நல்ல கம்பி சீராக உருளும். மடிந்தது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குதி குதிக்கும். முனையின் சதுரத்தை நகத்தால் தடவினால் மூலை தெரிய வேண்டும். வழவழவென்று உருண்டையாக இருந்தால் கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோலில் கழுவி, காயவைத்து, லித்தியம் கிரீஸை விரலில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவுங்கள். மீட்டர் பக்கம் மேல் 15 செ.மீ. காய்ந்தே இருக்கட்டும். சுழலும் கம்பி திருகு மாதிரி கிரீஸை மேலே ஏற்றும். அது மீட்டருக்குள் போனால் கேபிள் சுற்றும் காந்தமும் முள்ளைத் திருப்பும் அலுமினியக் கிண்ணமும் ஒட்டி, முள் கடைசி எண்ணுக்கே தாவும். திரும்ப மாட்டும்போது கேபிளில் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறைந்த வளைவு வேண்டாம். சைலன்சர் சூட்டிலிருந்து விலகிப் போகட்டும். கேபிள் டையை இறுக்கிக் கட்டிய இடத்திலேயே உறை நசுங்குவதை நிறைய வண்டிகளில் பார்க்கலாம்.

---

கேபிளில் ஆயில் ஈரம் இருந்தால்

மேலே கேபிளைப் பற்றி எழுதிய அண்ணன் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். வெளியே எடுத்த உள்கம்பி ஈரமாக, கந்தக நெடியோடு இருந்தால் அது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். கியர்பாக்ஸில் பல்சக்கரம் உட்காரும் குழலின் ஆயில் சீலோ ஓ-ரிங்கோ (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) போய்விட்டது. சீலை மாற்றாமல் புது கேபிள் போட்டால் அதுவும் நனையும், ஆயில் மீட்டர் வரை ஏறும்.

பல்சக்கரம் சுழல்கிறதா என்று பார்க்க: முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது டேஷ்போர்டு பக்கம் கேபிள் முனை சுழல வேண்டும். சுழலாவிட்டால், கேபிள் முழுதாக இருக்கும்பட்சத்தில், பல் தேய்ந்திருக்கிறது.

மாற்றும்போது பல்லை எண்ணி வாங்குங்கள். 14 பல் இருந்த இடத்தில் 15 பல் போட்டால் 60-ல் போகும்போது 56 காட்டும். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்தாலும் பழையதைப் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள்.

---

மீட்டரைத் திறக்கும் முன்

மீட்டர்மேல் சந்தேகம் வந்தால் டிரில்லில் சோதிக்கலாம். பழைய கேபிள் துண்டை டிரில்லில் பூட்டி, சதுர முனையை மீட்டரில் செருகுங்கள். ஜப்பானியத் தர அளவில் செய்த மீட்டருக்கு நிமிடத்துக்கு 637 சுற்று கொடுத்தால் முள் 60-ல் நிற்கும். முள் பூஜ்யத்தை அழுத்தினால் திசை தப்பு, டிரில்லைத் திருப்பிச் சுழலவிடுங்கள்.

திறந்தால் முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் மயிரிழைச் சுருளைத் தொடாதீர்கள், முறுக்கு மாறினால் எல்லா வேகமும் தப்பாகும். முள்ளைக் கழற்றும் முன், பூஜ்யத்தில் அதை நிறுத்தும் தடுப்பு ஆணியிலிருந்து மேலே தூக்கி, தானாக எங்கே நிற்கிறது என்று டயலில் பென்சிலால் குறியுங்கள். மாட்டும்போது அதே குறியில் வைத்து, பிறகு ஆணிக்கு மேலாகக் கொண்டுவர வேண்டும். கீழே உள்ள காந்தத் தண்டின் புஷ்ஷுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

---

டயரையும் பாருங்கள்

ஆம்னிக்கு 145 ஆர்12, அதாவது 145 மி.மீ. அகலம், 12 அங்குல ரிம். அதே ரிம்மில் பக்கச்சுவர் உயரம் குறைந்த 145/70 போட்டால் விட்டம் சுமார் 6 சதவீதம் குறையும், 60-ல் போகும்போது சுமார் 64 காட்டும். நேரான சாலையில் ஒரே சீராக 40, 60 ஓட்டி, பக்கத்தில் இருப்பவரை ஃபோன் ஜி.பி.எஸ்.ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டக் கூடாது.

மீட்டரையே மாற்றினால் பழைய கிலோமீட்டர் எண்ணையும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, பில்லோடு வையுங்கள். நாளைக்கு வண்டியை வாங்குபவருக்கு உண்மையான ஓட்டம் தெரிய வேண்டும்.